கலையாத படுக்கை

என் அக்காவுக்கு அவள் வேலை செய்யும் ஓட்டலில் 'சுருக்கம்' என்று பட்டப்பெயர். படுக்கை விரிப்பில் துளி மடிப்பு இருந்தாலும் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்து, "சுருக்கம்!" என்று குரல் கொடுப்பாள். இளம் வயதில் அறை சுத்தம் செய்யச் சேர்ந்தவள், இன்று ஒரு மாடி முழுவதையும் மேற்பார்வை பார்க்கிறாள். ஊரார் புரண்டு எழுந்த படுக்கையை, யாருமே படுக்காத படுக்கையாக மாற்றுவதுதான் அவள் தொழில். சுத்தம் செய்த அறையில் ஒற்றைத் தலைமுடி கிடந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

வீட்டிலும் அதே பாடுதான். அண்ணன் வீட்டில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறாள். அவளுக்கு வரன் பார்த்த காலத்தில் அண்ணிக்கு அடுத்தடுத்துப் பிரசவம். "பிள்ளைங்க கொஞ்சம் தலையெடுக்கட்டும், பொறு" என்றார்கள். பொறுத்தாள். பொறுத்துப் பொறுத்து ஐம்பதைத் தாண்டிவிட்டாள். இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறப்பேன். அதனாலேயே என்னை அங்கே அதிகம் கூப்பிடுவதில்லை. நான் அவள் தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளை அதட்டியே தொண்டை பெருத்துவிட்டது.

நெடுநாள் சேவைக்கு என்று அக்காவுக்கு அவள் நிர்வாகம் ஒரு பரிசு கொடுத்திருந்தது. கடற்கரையில் உள்ள அவர்களுடைய இன்னொரு ஓட்டலில் இரண்டு பேர் திங்கள் முதல் வெள்ளிக்கிழமை வரை தங்கலாம், சாப்பாடும் உண்டு. ஆனால் அவள் கிளம்ப நினைக்கும்போதெல்லாம் அண்ணனுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். ஒரு தடவை மகனுக்குப் பரீட்சை. ஒரு தடவை வீட்டுக்கு வெள்ளையடிப்பு. ஒரு தடவை அண்ணிக்கு முதுகு வலி. இந்த மாதத்தோடு பரிசு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும், நானே போய் அவள் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் போட்டேன்.

கடல் எங்கள் அறை ஜன்னலுக்கு நேராக இருந்தது. தென்னை மரங்களுக்குக் கீழே துண்டு விரித்த சாய்வு நாற்காலிகள். இளநீல நிறத்தில் தண்ணீர், அதில் மெத்தென்று வந்து போகும் அலை. நான் நாற்காலியில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அக்கா நாற்காலியின் நுனியில், பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காரேன்க்கா."

"இருக்கட்டும்டி. துண்டு கசங்கிடும்."

காலையில் நான் கண் விழிப்பதற்குள் படுக்கையைத் தட்டி, விரிப்பை இழுத்து, நான்கு மூலையையும் கத்தி மாதிரி மடித்துச் செருகிவிடுவாள். நான் படுத்திருந்த பாதியையும் என்னை உருட்டிவிட்டுச் செய்தாள். குளியலறைத் தரையை ஈரம் போகத் துடைப்பாள். குப்பைக் கூடையை நடைக்கோடிக்கு எடுத்துப் போய்க் கொட்டுவாள். எங்கள் சாமான்களைப் பெட்டியில் அடுக்கி, பெட்டிகளை அலமாரிக்குள் வைத்து மூடிவிடுவாள்.

"நீ விருந்தாளியா வந்திருக்கியா, வேலைக்கு வந்திருக்கியா?" என்று வெளுத்து வாங்கினேன்.

"கை கேக்க மாட்டேங்குதுடி" என்றாள்.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது அண்ணன் கூப்பிட்டார். அண்ணி பக்கத்து உறவுக்காரர்கள் வருகிறார்களாம். வீட்டில் ஆள் இல்லாமல் அண்ணி திண்டாடுகிறாளாம். "கடல் எங்கயும் போயிடாதும்மா, இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

அக்கா, "பாக்கறேண்ணா" என்றாள்.

அவள் பார்க்கிறேன் என்றால் பெட்டியைத் தூக்கிவிட்டாள் என்று அர்த்தம். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் கடலுக்கு இழுத்துப் போனேன். செருப்பையும் போனையும் கரையில் விட்டுவிட்டு, கட்டிய துணியோடு இடுப்பளவு நீரில் நின்றாள். அலை வந்து முட்டியபோது சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று! அதைப் பார்த்ததும் எனக்கு அண்ணன் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

சொட்டச் சொட்ட அறைக்குத் திரும்பினோம். கதவு திறக்கவில்லை. தட்டினேன். இடுப்பில் துண்டோடு ஒரு இளைஞன் திறந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், "யாருங்க?" என்றது.

"நாங்க யாரா? நீங்க யாரு?" என்றேன். அவன் திருதிருவென்று விழித்தான். நேற்றுக் கல்யாணம் ஆனவன் போலிருந்தது. பாவம், அவன் என்ன செய்வான்.

வரவேற்பறைக்குப் போனால், எங்கள் பெட்டிகள் அங்கே கதவோரம் நின்றுகொண்டிருந்தன. மேலாளர் கையைப் பிசைந்தார். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள். கலையாத படுக்கை, காய்ந்த தரை, காலிக் குப்பைக்கூடை, கண்ணில் ஒரு சாமான் இல்லை. விருந்தாளி காலி செய்துவிட்டார், வேறு யாரோ சுத்தமும் செய்துவிட்டார் என்று நினைத்து, அறை தயார் என்று சொல்லிவிட்டாள். புதிதாக வந்தவர்கள் அலமாரியைத் திறந்த பிறகுதான் பெட்டிகளே வெளியே வந்திருக்கின்றன.

"இப்ப ரூம் எல்லாம் நிறைஞ்சிருக்கும்மா. வேணும்னா கார் ஏற்பாடு பண்றேன், வீட்லயே கொண்டு விடச் சொல்றேன்" என்றார் மேலாளர். பக்கத்தில் அந்தப் பெண்ணை நிறுத்தி வைத்திருந்தார். அவள் கண் கலங்கியிருந்தது. "இவளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

எல்லாம் அண்ணனுக்குச் சாதகமாகவே நடந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது, காரும் வரப்போகிறது. அக்கா தலையாட்டப் போகிறாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

அவள் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு இந்தப் பொண்ணு மேல இல்ல சார். என் மேலதான். ஒரு ஆள் தங்கின சுவடே தெரியாம நான்தான் துடைச்சு வச்சேன். சுவடே இல்லன்னா இடத்தை வேற யாருக்காவது குடுக்கத்தான் செய்வாங்க." மூச்சு விட்டுக்கொண்டாள். "இவளை அனுப்பக் கூடாது. நாங்களும் போக மாட்டோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்க நாளு."

சொல்லிவிட்டு நேராகப் போய், கூடத்தின் நடுவில் இருந்த வெள்ளை சோபாவில், ஈரத் துணியும் மணலுமாக, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஓட்டல் வேலைக்காரர்கள் விருந்தாளி சோபாவில் உட்காரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் எத்தனையோ சோபாக்களைத் தட்டியிருக்கிறாள், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. நானும் போய்ப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தேன். பளிங்குத் தரையில் மணல் கொட்டியது. அக்கா அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அண்ணனின் போன் மறுபடியும் அடித்தது. எனக்கும் கேட்கும்படி வைத்துப் பேசினாள்.

"கிளம்பிட்டியாம்மா?"

"இல்லண்ணா. நான் வரல."

"வரலையா? அப்ப இங்க யாரு பாக்கறது?"

"வீட்ல இருக்கறவங்க பாருங்க. நான் வீட்ல இல்ல."

"யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா? பக்கத்துல அவ இருக்காளா?"

"இருக்கா. ஆனா பேசறது நான்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது.

வருகிற போகிறவர்கள் எல்லாம் எங்களையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேலாளர் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தார். யார் யாரிடமோ பேசினார். கடைசியில் தோட்டத்துப் பக்கம் ஓர் அறைச் சாவியோடு வந்தார். ஜன்னலிலிருந்து கடல் தெரியாதாம்.

"நடந்து போய்ப் பாத்துக்கறோம்" என்றாள் அக்கா. "இந்தப் பொண்ணு?"

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றார் அவர்.

மறுநாள் காலை நான் விழித்தபோது அக்கா எழுந்து கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். போர்வை தரையில் பாதி, கட்டிலில் பாதி. தலையணை ஒன்று கால்மாட்டில். அவள் கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருந்தது. நான் மூச்சுக்கூட விடவில்லை. ஓரத்தைக் கொஞ்சம் இழுத்தாள், நிறுத்தினாள். பிறகு அப்படியே விட்டுவிட்டுப் படுக்கையில் குறுக்காக விழுந்து, என் போர்வையையும் பிடுங்கிக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. நேற்றைய அந்தப் பெண்தான்.

"உள்ள யாராவது இருக்கீங்களாம்மா? சுத்தம் பண்ணலாமா?"

அக்கா தலையைத் தூக்கவே இல்லை.

"இருக்கோம்மா, இருக்கோம்!" என்று நடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "சாயந்தரமா வா. ரூமை நல்லா கலைச்சு வைக்கிறோம்!"