குறடு அக்காவும் செத்த பிரதியும்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைக் குறடு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடி வீட்டில் வரிசையாக நிற்கும் செடிகளின் இலைகளைக் குறட்டால் நசுக்குவது அவள் வேலை. ஒரு நாளைக்கு நானூறு இலை. வீட்டில் புருஷனிடம் வாங்கும் அடியை இங்கே வந்து செடிக்குக் கொடுக்கிறாள் என்று கேலி பேசியிருக்கிறோம். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தச் செடியில், என்றோ ஒரு காலத்தில் ஒரு மரபணு இரண்டு பிரதிகளாகிவிட்டது. இலை நசுங்கினால் முதல் பிரதி விழித்துக் காயத்தை மூடப் பார்க்கும். இரண்டாவது எத்தனை நசுக்கினாலும் அசையாது. அது விழித்த இடம் சாயத்தில் நீலமாகும்படி செடிகளை மாற்றியிருந்தோம். இலைகள் வெளுத்தே கிடந்தன.

"இது செத்த பிரதி. இந்தத் தடவையும் நீலம் வரலைன்னா செடியெல்லாம் தூக்கிப் போட்டுரலாம்" என்றார் பேராசிரியர். செடி போனால் அக்காவின் வேலையும் போகும்.

"சாகல சார். எங்க வலிக்கும்னு நமக்குத்தான் தெரியல" என்றாள்.

அன்று மதியமே அவள் புருஷன் உள்ளே நுழைந்தான். வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டே தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். புருவம் கிழிந்தது. மறுபடி மோதினான். அவள் கையைக்கூட உயர்த்தவில்லை. தடுக்கப் போன என்னை ஒரே தள்ளில் சுவரோரம் சாய்த்தான். ஆத்திரம் அடங்காமல் செடித் தட்டுகளை இழுத்துக் கவிழ்த்தான். தொட்டிகள் நொறுங்கின. செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி மிதித்தான்.

அப்போதுதான் அவள் குறட்டை எடுத்தாள். அவன் விரல் இரண்டைக் கவ்வி இறுக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு மண்டியிட்டான். காவலாளி வரும்வரை அவள் விடவில்லை.

"அக்கா, ரத்தம் கொட்டுது. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இரு. பிஞ்ச வேரையெல்லாம் ஈரத் துணில சுத்து. ரெண்டு மணி நேரம் கழிச்சு சாயத்துல போடு."

வேரையா? மூன்று வருடமாக இலையைத் தவிர வேறெதையும் நாங்கள் காயப்படுத்திப் பார்த்ததில்லை. வெட்கக்கேடு.

மறுநாள் காலை புருவத்தில் ஏழு தையலோடு வந்தாள். தட்டில் இலைகள் வெளுப்பு. பிய்ந்த வேர்கள் அத்தனையும் கருநீலம். பிரதி சாகவில்லை. அது விழிக்கும் இடம்தான் மாறியிருந்தது.

"எப்படிம்மா தோணுச்சு?" பேராசிரியர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பதினோரு வருஷம் என்னை அடிச்சான் சார், எனக்குக் கை எழல. செடியைத் தொட்டான், எழுந்துருச்சு."

பிறகு தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேற குறடு வாங்கிக் குடுங்க. பழசு போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு."