சிவப்புத் துணி

பெங்களூரில் வேலை தேடலாமென்று மூடிப்போன சுரங்கத்து ஊரான எங்கள் பாலகாட்டைவிட்டுப் புதர்க்காட்டு வழியாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அம்மன் இடமென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடக் கிட்டே போனேன்.

"நில்லுங்கண்ணா, அது சாமி இல்ல, ஷாப்ட்டு" என்று பின்னாலிருந்து ஒரு மாணவி கத்தினாள்.

இன்னும் ஓரடி வைத்திருந்தால் புதர் மூடிய பழைய சுரங்கக் குழிக்குள் போயிருப்பேன். திறந்து கிடந்த குழிகளையெல்லாம் தேடித் துணி கட்டியது அவளும் அவளோடு பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளும்தானாம். அதற்காக மறுநாள் பள்ளியில் பாராட்டு விழா.

"சிவப்பைப் பார்த்தா எங்களப் போல ஆளுங்க கும்பிடத்தாம்மா வருவோம்" என்றேன்.

"அப்ப வேலிதான் போடணும். டீச்சர் அதுக்கு ஆள் தேடினு இருக்காங்க, வர்றீங்களா?"

இப்போதெல்லாம் சிவப்புத் துணியைத் தூர நின்றே கும்பிடுகிறேன். அன்றைக்கு மறுநாள் காலை அந்தப் பிள்ளைகள் பள்ளி மேடையில் கைத்தட்டல் வாங்கியபோது, நான் அந்தக் குழியோரம் வேலிக்கு முதல் கல்லை நட்டுக்கொண்டிருந்தேன்.