ஓங்குவதற்கு முன் ஒரு மூச்சு

மேடையில் ஒரு கருத்தை முடித்துவைக்கும் முன் நான் மூச்சை நிறுத்துவேன். தாடை சற்றே உயரும். பார்வை கடைசி வரிசைவரை போய்த் திரும்பும். அந்தக் கணத்தில் அரங்கம் என் வசம் இருக்கும். பள்ளிக் காலம் முதல் பேச்சுப் போட்டிகளில் பழகிச் சேர்த்த வித்தை அது. அதைக் குறையென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை, முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில் கம்பைப் பிடித்து நிற்கும்வரை.

என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் ஒரு மேடைதான். கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவிநாசியில் ஒரு பட்டிமன்றம்: பெண்ணுக்குப் பாதுகாப்பு கைவலிமையா, சொல்வலிமையா? சொல்லே என்று வாதாடினேன். என் அணியே வென்றது. இறங்கி வரும்போது படியோரம் நின்ற ஓர் அம்மாள் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"நல்லாப் பேசுனீங்க கண்ணு. ஆனா கம்பு கம்புன்னு அத்தன வாட்டி சொன்னீங்களே, ஒருக்காவாச்சும் அதைப் புடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றேன். அந்த ஆண்டில் நான் ஆற்றிய மிகச் சுருக்கமான உரை அதுதான்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விசாரித்தபோது தெரிந்தது: முதலிபாளையத்தில் ஞாயிறு காலைகளில் ஜப்பானியக் கம்புப் பயிற்சி நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் அதே கம்பெனியில் நிட்டிங் மெஷின் மெக்கானிக். மார்பளவு உயரமுள்ள அந்தக் கம்புக்கு 'ஜோ' என்று பெயர். ஆசிரியரை ஜப்பானிய மொழியில் எப்படி அழைக்கவேண்டும் என்று படிக்கட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

புதியவர்களுக்கு மரக்கம்பு கிடையாது. துணி ரோலின் உள்ளே வரும் அட்டைக் குழாயைத் தருவார். லாட் நம்பர் ஒட்டிய ஒரு குழாயால் மூன்று மாதம் காற்றை அடித்தேன். அடித்ததைவிடக் கேட்டதே அதிகம். சிலம்பம் இருக்கும் ஊரில் ஜப்பான் கம்பு எதற்கு? ஏன் இதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை? எடுப்பதற்கு முன் ஏன் அதற்குத் தலைவணங்கவேண்டும்? மரத்துக்கு அது தெரியவா போகிறது?

"ஏன் வணங்கோணும்னு எனக்குந் தெரியாதுங்க. எனக்குச் சொல்லிக்குடுத்தவரும் சொல்லலீங்க" என்றார் மாஸ்டர். "வணங்கிட்டு எடுங்க, வெயில் ஏறுது."

எந்த மேடையிலும் எவரும் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பதில் எனக்குப் புதுமையாக இருந்தது.

நான்காம் மாதம் மரக்கம்பு கைக்கு வந்தது. கூடவே ஓர் இணையும் வந்தார். அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்பவர்; திருமணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் அவரை அக்கா என்றேன். டியூப் லைட்டின் கீழ் நின்றுகொண்டு, தைத்து வரும் பனியன்களைப் புரட்டி ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல், தொங்கும் நூல் பிசிறு ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவர் வேலை.

அக்காவுக்கு முதல்நிலைத் தேர்வில் தேறியாகவேண்டும். தொழிலாளர் குடியிருப்பில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு கம்புப் பயிற்சி வகுப்பு நடந்துவந்தது. சொல்லிக்கொடுத்த பெண் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பெண் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று பெற்றோர் சொல்லிவிட, வகுப்பு நின்றது. அக்காவின் இரண்டு மகள்களும் அதில் பயின்றவர்கள். தேர்வில் தேறினால் வகுப்பை நீங்களே நடத்தலாம் என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். தேர்வு என்பது ஆறு அடிகள், ஆறு தடுப்புகள். அடிப்பவள் நான், தடுத்துத் தேறவேண்டியவர் அவர். ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தார்.

"எப்படிங்க்கா?" என்று கேட்டேன்.

"அதக் கேக்காத பிள்ள. எதிர நின்னவ சட்டக் கையில ஒரு பிசிறு தொங்குச்சு. பாக்கக் கூடாது, பாக்கக் கூடாதுன்னுதான் நின்னேன். மூணாவது அடிக்குக் கை தானா அங்க போயிட்டு."

"போனது மட்டுமில்லீங்க" என்றார் மாஸ்டர். "புடிச்சுப் பிச்சும் எடுத்துட்டாங்க. தேர்வாளர் பேனாவ மூடி வெச்சுட்டாருங்க."

மாடியே சிரித்தது. அக்காவும் சிரித்தார். முதலில் நின்றது அவர் சிரிப்புத்தான்.

என்னுடன் பழகத் தொடங்கியபின் அக்கா ஓர் அடியையும் தடுக்கத் தவறவில்லை. நான் ஓங்குமுன்பே அவர் கம்பு குறுக்கே வந்து நிற்கும். அவருடைய கூர்மையை அழகான சொற்களில் பாராட்டவும் செய்தேன். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், ஒரு காலை குழாய் வடிவிலேயே பின்னி வந்த மெல்லிய பனியன் துணி ஒன்றைக் கொண்டுவந்து என் தலைவழியே மார்புவரை இழுத்துவிட்டார். எனக்கு வெளியே மங்கலாகத் தெரிந்தது. என் முகம் வெளியே தெரியவில்லை.

"இப்ப அடிங்க."

அடித்தேன். அக்காவின் தோளில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது அடி விரல் முட்டியில் பட்டு, அவர் கையை உதறினார். நான் துணியை உருவி எறிந்தேன்.

"ஏ பிள்ள, நீ அடிக்கதுக்கு முந்தி தாடையத் தூக்குத" என்றார் அக்கா, விரலை வாயில் வைத்தபடி. "மூச்சயும் நிறுத்துத. அதப் பாத்துத்தான் நான் தடுத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க்கா."

"நீ கம்பாலயும் பேசுதன்னு நெனச்சேன்."

என் பெருமையின் உச்சம் எதுவோ, அதுவே என் அடியின் முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது. வெட்கத்தைவிட வியப்பே மேலோங்கியது. நூற்றுக்கணக்கான தலைகள் பார்த்தும் அறியாததை, ஒரு பனியனைக் கண்சிமிட்டும் நேரத்தில் பார்த்துப் பழகிய கண் கண்டுகொண்டது எப்படி?

படியில் உட்கார்ந்து அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். "தேர்வுல துணியெல்லாம் மாட்டமாட்டாங்க. நான் வழக்கம்போலவே அடிக்கறேன், நீங்க தடுத்துடுங்க. தேர்வாளருக்குத் தெரியாதுங்க்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓட்டையுள்ள பீஸத் தெரிஞ்சே பாஸ் பண்ணுனா என்ன ஆவும் தெரியுமா? கப்பல் ஏறிப் போயித் திரும்பி வரும். வந்து என் டேபிள்லதான் விழும். நாளைக்கு ஒருத்தன் என் பிள்ள மேல கை ஓங்கும்போது தாடையத் தூக்கிக் காட்டிட்டா ஓங்குவான்? ஒழுங்கா அடி."

கம்பை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன்.

பழக்கத்தை உதற மாஸ்டர் சொன்ன வழி விநோதமானது. என் உரை ஒன்றை நிறுத்தாமல் பேசவேண்டும்; பேசிக்கொண்டே, ஏதேனும் ஒரு சொல்லின் நடுவில் அடிக்கவேண்டும். வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் அடிக்கவே கூடாது. கட்டிக்கட்டி எழுப்பிய சொற்றொடரை நானே பாதியில் உடைப்பது, சொல்லப்போனால், அக்கா வாங்கிய அடிகளைவிட எனக்கு வலித்தது. ஆனால் பேசும்போது மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, நிறுத்திவைக்க இடமில்லை. மூன்று வாரத்தில் என் தாடை அடங்கியது. அக்காவின் முன்கையில் நீலத் தடங்கள் முதலில் கூடின. பிறகு மெல்லக் குறைந்தன.

தேர்வு அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்தபடி மேசையில் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. முன்வரிசையில் அக்காவின் மகள்கள். இரண்டு பேருடைய சீருடையிலும் பிசிறு வெட்டும் சின்னக் கத்திரியை மூன்றுமுறை ஓட்டியிருந்தார் அக்கா. கம்புக்கு வணங்கி எடுத்தோம்.

ஐந்து அடிகளையும் அவர் தடுத்தார். ஆறாவது தலைக்கு மேலிருந்து இறங்குவது. மண்டபம் அமைதியானது. அந்த அமைதியை நான் அறிவேன். அது எப்போதும் எனக்காகக் காத்திருக்கும் அமைதி. தாடை உயரத் துடித்தது. மனத்துக்குள் 'அவையோர் அனைவருக்கும் என்' என்று தொடங்கி, 'வண' என்னும் இடத்தில் அடித்தேன்.

அக்கா ஒரு நூலிழை தாமதித்தார். கம்பு அவர் தோளை உரசியது. ஆனால் பின்வாங்கவில்லை, உள்ளே நுழைந்தார். அவர் கம்பின் நுனி என் தொண்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

தேர்வாளர் எட்டிப் பார்த்தார். "பட்டுச்சா?"

அவர் இருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது. நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னார்: "பட்டுச்சு சார். தோள்ல."

பேனா மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "ஆறாவதை மட்டும் மறுபடி பண்ணுங்க" என்றார்.

மறுபடி அடித்தேன், இம்முறை வேறொரு சொல்லின் நடுவில். மரமும் மரமும் மோதிய ஓசை மண்டபத்தின் கூரையில் பட்டுத் திரும்பியது. தேர்வாளர் ஏதோ எழுதினார். எழுதி முடித்தபின்தான் பேனாவை மூடினார்.

அடுத்த செவ்வாய் மாலை குடியிருப்பில் வகுப்பு மறுபடி தொடங்கியது. அக்கா பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எதிரெதிரே திருப்பி, ஒருத்தியின் சட்டைக் கையை மற்றொருத்தியைப் பார்க்கச் சொன்னார். சின்னக் கத்திரி கைமாறிக் கைமாறிப் போனது. எந்த நாட்டுப் பயிற்சியிலும் இல்லாத சடங்கு அது. பிசிறெல்லாம் போனபிறகே அட்டைக் குழாய்களுக்கு வணக்கம்.

"கம்புக்கு எதுக்குக்கா கும்பிடணும்?" என்றாள் ஒரு சிறுமி.

"அந்தா நிக்காவல்லா, அவங்ககிட்டக் கேளு. அதுக்குத்தான் படிக்காவ."

எல்லாக் கண்களும் என்மீது திரும்பின. என்னை அறியாமலே மூச்சு நின்றது. அக்காவின் இளைய மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எல்லாரும் உக்காருங்கடி, இந்த அக்கா பேசப் போறாவ!"

சேர்த்துவைத்திருந்த மூச்சை வெளியே விட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "கும்பிட்டுப் பார்க்கலாம், வாங்க."