படத்தில் தெரிந்த வெள்ளைப் புள்ளி

எனக்கு உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. ஐம்பது வயது தாண்டியதால், மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே படம் எடுக்க, புதுக்குடியிருப்பில் இருந்து வவுனியாவுக்குப் போனேன்.

"படத்தில வெள்ளையா ஒண்டு தெரியுது. திரும்ப வாங்கோ" என்று பிறகு போனில் சொன்னார்கள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சும்மா இருந்த உடம்புக்குப் படம் எதற்கு என்று என்னையே திட்டினேன். மகளின் கலியாணத்தைப் பார்ப்பேனா என்று பயந்தேன்.

மறுபடியும் படம் எடுத்த பிறகு டொக்டர் கேட்டார், "சண்டையில காயப்பட்டனீங்களோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது போரின் கடைசிச் சண்டையில், செல் குண்டு வெடித்துச் சிதறி அக்குளுக்குக் கீழே ஏறிய செல் துண்டு. எங்கள் பக்கத்தில் பலர் உடம்பில் இருப்பதுதானே என்று நான் சொல்லவே இல்லை.

"இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே அம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு மலரிடம் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் நெஞ்சில கட்டியா ஒண்டு கிடக்குது அக்கா. செல் துண்டெண்டு விட்டிட்டன்."

"அப்பிடி விடக் கூடாது, காட்டவேணும்" என்றேன்.

இனி எந்தப் படம் எடுக்கப் போனாலும் செல் துண்டைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். ஆனால் செல் துண்டுதான் என்று நானாக முடிவு கட்டமாட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மலரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.