கீழ் லாச்சிச் சாமான்கள்

வாங்குகிறவன் முகத்தை மறைத்துக்கொண்டு வாங்க, விற்கிறவன் மட்டும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டிய வியாபாரம் ஒன்று உண்டு. அதில்தான் நான் நின்றேன். கடைமேசைக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கும், வந்தவரின் மூஞ்சியைப் பார்த்தே மனதிலுள்ளதைக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். சிரித்தவர்கள் யார் யார் என்பது எனக்கு நினைவிருக்கும்.

யாழ்ப்பாணம் பெரியகடையில், இரண்டாவது உலகச் சண்டை தொடங்கச் சில வருடங்களுக்கு முன், ஓர் இங்கிலீசு மருந்துக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் காப்பு, சீப்பு, கண்ணாடி என்று பெட்டியைத் தலையில் வைத்து ஊர் ஊராகத் திரிந்தவன் நான். அப்போது கொடிகாமத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். அவர் தரகரிடம், "தெருத்தெருவாய்த் திரியிறவனுக்குப் பெட்டை இல்லை. கூரைக்குக் கீழை நிக்கிற வேலை எண்டால் யோசிப்பம்" என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் கூரைக்குக் கீழே போனேன். கூரையில் ஒரு பிழையுமில்லை. மேசையின் கீழ் லாச்சியில், அந்த இழுப்பறையில்தான் பிழை இருந்தது.

எனக்கு லாச்சி கிடைத்த விதம்

அந்த லாச்சிக்குள் புருசன் பெண்சாதிக்கான சாமான்கள் இருந்தன. ஒன்று றப்பர் உறை. பிள்ளை கொஞ்சம் பிந்தட்டும் என்று நினைக்கிறவர்களுக்கானது. கழுவிக் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். அடுத்தது றப்பர் வளையம். ஆண்பிள்ளை அவசரக்காரனாக இருந்தால் அவனைக் கொஞ்சம் நிதானப்படுத்தும். கடைசிச் சாமான் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மெசின். கைபிடியைச் சுற்றினால் நுனியிலுள்ள றப்பர்க் குமிழ் நடுங்கும். பெட்டியில் ஒரு வெள்ளைக்காரி அதைத் தோளில் பிடித்துக்கொண்டிருக்கிற படம் போட்டிருந்தது. தோளுக்கென்று வாங்கினவர்களும் உண்டுதான். ஆனால் தோள் நோகிறவன் கடை வெறுமையாகும்வரை காத்து நிற்பதில்லை. நாங்கள் அதற்கு நடுக்கி என்று பெயர் வைத்திருந்தோம்.

கடையில் மருந்து கலக்கிற கொம்பவுண்டர் ஒருவர் இருந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட மனிதர். அவர் அந்த லாச்சியைக் காலாலும் தொடமாட்டார். ஆகவே முதலாளி என்னைக் கூப்பிட்டார். எந்தச் சாமான் எதற்கென்று சுவரைப் பார்த்துக்கொண்டே விளக்கிச் சொன்னார். இதற்கு முன் அச்சுவேலியில் பேசின சம்பந்தம் ஒன்று, 'கண்ட பெண்டுகளின்ரை கையைப் பிடிச்சுக் காப்புப் போடுறவன்' என்று என் பெரியப்பாவின் மகன் போய்ச் சொன்னதால் முறிந்தது. அவனுடைய செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை. காப்புக்கே அந்தக் கதியென்றால் இதைக் கொடிகாமம் கேள்விப்பட்டால் என்ன ஆகும்? "ஏன் முதலாளி என்னைப் பிடிக்கிறியள்?" என்று கேட்டேன். "பெட்டியிலை எல்லாம் இங்கிலீசிலை விளக்கமாய் எழுதிக் கிடக்கு. வாசிச்சவன் ஒருத்தனும் விக்கமாட்டன் எண்டுறான். உனக்குத்தானே வாசிக்கத் தெரியாது, நீ வில்லு!" என்றார்.

தைலம்

முதலில் நான் படித்தது, ஒருவரும் வாங்க வந்த சாமானைக் கேட்கமாட்டார்கள் என்பதுதான். வேறெதையாவது கேட்பார்கள். சிலர் பல்லுப்பொடி, சிலர் சவுக்காரம். அரியாலையிலிருந்து ஒரு வாத்தியார் வருவார். அவர் கேட்பது தலையிடித் தைலம். தைலத்தை வாங்கிக்கொண்டு, கீழ் லாச்சியை ஒருதரம் பார்ப்பார், கூரையை ஒருதரம் பார்ப்பார், "மழை வரும்போலை" என்பார், போய்விடுவார். பங்குனி வெயிலிலும் மழை வரும்போலை என்றுதான் சொல்வார். நானாகக் கேட்கலாமென்றால், 'என்னை ஆரெண்டு நினைச்சீர்' என்று கத்திவிடுவாரோ என்ற பயம். அப்படி ஒருவர் கத்தியும் இருக்கிறார். நாவற்குழிக்காரர். அவரை நான் மறக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், கூறைச்சேலை மாதிரித் தடித்த சேலையோடு ஒரு பெண் வந்தா. குடை, கைப்பை, நிமிர்ந்த நடை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு என்னை நேரே பார்த்தா. நான் வழக்கம்போல, "என்ன தைலமோ அம்மா?" என்று கேட்டுவிட்டேன். "நான் வாத்தியாற்றை மனுசி. வீட்டிலை றாக்கை நிறையத் தைலம் கிடக்கு, ஒருத்தருக்கும் தலையிடி இல்லை. அவர் கேக்க வாற சாமானை என்னட்டைத் தாரும்!"

நல்லெண்ணெய்

எங்களுடைய ஆட்கள் எதற்கும் எண்ணெய் பூசுவார்கள். தலைக்கு எண்ணெய், காலுக்கு எண்ணெய், வண்டில் அச்சுக்கு எண்ணெய், பிறந்த பிள்ளைக்கு எண்ணெய். றப்பருக்கும் பூசினார்கள். எண்ணெய் பட்ட றப்பர் ஊதிப் பிசினாகி, இழுக்கக் கிழியும். அச்சுவேலியிலிருந்து ஒரு தோட்டக்காரர் கிழிந்த உறையைக் கொண்டுவந்து மேசையில் போட்டுச் சண்டை பிடித்தார். நல்லெண்ணெய் மணம் கடை முழுக்க அடித்தது. நான் அவருக்கு, எண்ணெய் கூடாது, வழுவழுப்பு வேண்டுமென்றால் கிளிசரின் பூசலாம், பாவித்தபின் சவுக்காரத் தண்ணியில் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி வைக்கவேண்டும் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொடுத்து, வேறொன்றும் கொடுத்துவிட்டேன். பாவிக்கத் தொடங்குகிற ஆட்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் முதலில் சொல்வது. கேட்டு நடந்தவர்கள் குறைவு.

அந்த மனிதர் கேட்டு நடந்தார். கழுவினார், குசினி யன்னலோரம் நிழலில் உலர்த்தினார். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து மாமியார் வீட்டில் இருக்கிறவர் அவர் என்பதை நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. அடுத்த கிழமை திரும்பவும் வந்து நின்றார். "உங்கடை சாமானிலை பிழை இல்லை, தம்பி. மாமி எடுத்து ஊறுகாய்ப் போத்திலுக்கு மூடி கட்டிப்போட்டா. திருப்பிக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. வேறை ஒண்டு தாரும். ஊறுகாய் எண்டால் நல்லாய்த்தான் இருக்குது."

தண்டையலும் நடுக்கியும்

வல்வெட்டித்துறைப் பக்கத்தில் ஒரு தண்டையல், பாய்க்கப்பல் ஓட்டுகிறவர். ஒருவருக்கும் பயப்படாத மனிதர். கடை நிறைய ஆட்கள் நிற்க, "டேய் தம்பி, அந்த நடுங்கிற சாமானை எடு" என்று கத்திக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கொம்பவுண்டர் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கொஞ்ச நாளில் தண்டையல் திரும்பி வந்து, மெசின் சரியில்லை என்றார். எப்படிப் பாவித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையைச் சுழற்றிக் காட்டினார். புயலுக்குள் பாய் இறக்குகிற சுழற்று. றப்பர்க் குமிழ் கழன்று பறந்து முகட்டு ஓட்டில் பட்டு விழுந்ததாம். மனுசி பயந்துபோய்த் தாய் வீட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாவாம்.

நான் சொன்னேன், "அண்ணை, இது கப்பல் இல்லை. நீங்கள் சுழற்றவேண்டாம். கைபிடியை அவவிட்டைக் குடுங்கோ. எங்கை பிடிக்கிறது, எவ்வளவு கெதியாய்ச் சுத்திறது எண்டு அவவுக்குத்தான் தெரியும். நீங்கள் பக்கத்திலை இருந்து பழகுங்கோ." மனிதர் முறைத்தார். பெண்பிள்ளையிடம் சுக்கானைக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். பிறகு நாலைந்து மாதம் அவரைக் காணவில்லை. ஒருநாள் கருவாட்டுப் பொதி ஒன்றை மேசையில் வைத்தார், எனக்குத்தான். "நீ சொன்னபடி கைபிடியைக் குடுத்தன், தம்பி. முந்தியெல்லாம் நான் கப்பலேற அழுகிறவ. இப்ப, 'என்ன, நீங்கள் கப்பலேற இன்னும் காத்து வரேல்லையோ' எண்டு அவவே கேக்கிறா!"

நீலத்தாள்

இது கொம்பவுண்டரின் மூளையில் உதித்தது. கீழ் லாச்சிச் சாமானை மற்ற மருந்துபோல மண்ணிறத் தாளில் சுற்றினால் கடையின் மரியாதை கெடுமாம். ஆகவே அதற்கென்று நீலத்தாள் வாங்கிவைத்தார். மறைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு மாரி முடிவதற்குள், நீலப் பொட்டலம் என்றால் என்னவென்று பெரியகடை முழுக்கத் தெரிந்துவிட்டது. கந்தோர் கிளாக்கர்மார் அதை வேட்டி மடிப்புக்குள் செருகினார்கள். ஒருவர் பூசணிக்காயைக் கோறி அதற்குள் வைத்துக் கொண்டுபோனார். இப்படி வருமென்று நான் முதலிலேயே சொன்னேன். என்னை ஆர் கேட்டார்கள்?

ஒரு தேர்த்திருவிழா நேரம் மண்ணிறத் தாள் முடிந்துபோனது. அன்றைக்குப் பார்த்து ஒரு கோயில் மணேச்சர் இருமல் மருந்துக்கு வந்தார். தலை முழுக்க வெள்ளை, கையில் பொல்லு. கொம்பவுண்டர் யோசிக்காமல் நீலத்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். கிழவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே தேர் வீதி முழுவதும் நடந்திருக்கிறார். செய்தி வந்ததும் கொம்பவுண்டருக்கு வேர்த்து ஊற்றியது. நானும் ஆறுதல் சொல்லவில்லை. மருந்து முடிந்ததும் கிழவர் வந்தார். நேரே என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, என்னைக் கண்டால் விலத்தாத இளந்தாரியள் எல்லாம் அண்டைக்கு எழும்பி நிண்டு வழிவிட்டவங்கள். ஏனெண்டு பிறகுதான் தெரிஞ்சுது. இருமல் மருந்தை இனியும் உந்தத் தாளிலேயே சுத்தித் தாரும்."

கொடிகாமத்திலிருந்து வந்தவர்கள்

எங்கள் தரகர் ஒருநாள் காய்ச்சல் மருந்து வாங்க வந்து, அடுக்கியிருந்த நீலப் பொட்டலங்களைப் பார்த்து, அது என்னவென்று கொம்பவுண்டரிடம் கேட்டிருக்கிறார். கொம்பவுண்டர் சொன்னதோடு நில்லாமல், அதை விற்பது ஆர் என்றும் கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். அந்தக் கிழமையே செய்தி கொடிகாமம் போய்விட்டது. அச்சுவேலிபோல இதுவும் போச்சு என்று நினைத்தேன். எனக்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. இதுவும் முறிந்தால் இனி ஒருவரும் எனக்காகப் பேசப் போகமாட்டார்கள்.

பிறகு ஒரு காலையில், நடுவயது அம்மா ஒருவர் வந்து தைலம் கேட்டு வாங்கிக்கொண்டு, போகாமல் வாங்குப் பலகையில் இருந்துவிட்டா. அந்த நேரம் புதிதாகக் கலியாணம் முடித்த பெடியன் ஒருவன் உள்ளே வந்தான். வேட்டியின் கஞ்சி இன்னும் கலையவில்லை. ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், நான் எல்லாருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன்.

"கொண்டுபோன உடனை பெட்டியைத் திறக்காதையும். முதல் அவவிட்டைக் காட்டும். விருப்பமோ எண்டு கேளும். வேண்டாம் எண்டால் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டும், முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியாதையும். அவ சிரிச்சால், பிறகு ஆறுதலாய், அவசரப்படாமல்."

"அவ சிரிக்காட்டி?"

"நீர் சிரியும். ரெண்டுபேரும் சிரிக்காமல் இந்த லாச்சியிலை உள்ள ஒரு சாமானும் வேலைசெய்யாது."

பெடியன் போனதும் அந்த அம்மா எழும்பி வந்தா. "தம்பி, நான் கொடிகாமம்" என்றா. பெண்ணின் தாய் என்று விளங்கிப்போனது. தகப்பன் வரவில்லையா என்று பார்த்தேன். எதிர்க்கடை ஓரமாக, குடையை விரித்துப் பிடித்தபடி, எங்கள் கடைக்கு முதுகு காட்டிக்கொண்டு அவர் நின்றார். "இப்ப சொன்னது, விக்கிறதுக்காகச் சொன்னதோ, உள்ளபடி சொன்னதோ?" என்று அம்மா கேட்டா. "கேளாமல் கொண்டுபோனவையின்ரை சாமான் எல்லாம் திரும்பி வாறது, அம்மா. கேட்டவை ஒருத்தரும் திரும்பி வரேல்லை" என்றேன்.

அவ தெருவைக் கடந்து அவரிடம் போனா. யன்னலோரம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "பாத்தாச்செல்லே, நாறல் யாவாரம். நட, போவம்" என்றார் தகப்பன். அவ நடக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கச் சொன்னா: "மூத்தவளை வாய் திறவாத ஒரு மனுசனுக்குக் குடுத்தம். அவனும் ஒண்டும் கேக்கேல்லை, அவளும் ஒண்டும் சொல்லேல்லை. அழுதுகொண்டு திரும்பி வந்து எங்கடை வீட்டு அறைக்குள்ளை கிடக்கிறாள். இவர் ஊரிலை உள்ள ஆம்பிளையளுக்கெல்லாம் கேக்கப் பழக்கிறார். சின்னவளை இவருக்குத்தான் குடுக்கிறது. நீங்கள் குடையை மடக்கிப்போட்டு உள்ளை வந்து மாப்பிள்ளையோடை கதையுங்கோ!"

இத்தனை வீட்டுச் சந்தோசத்துக்கு வழி சொல்லிக்கொடுத்த என்னைத் தெருவில் கண்டு தலையாட்டியவர் ஒருவருமில்லை. என் வீட்டில் ஒருத்தி இத்தனை வருடமாகச் சிரித்த முகத்தோடு இருப்பதால் அவர்களை நான் மன்னிக்காவிட்டாலும் நிம்மதியாகத்தான் நித்திரை கொள்ளுகிறேன்.