குழாயடியில் ஒரு முத்துமாலை

மகளுக்கு முத்துத்தோடு வாங்க நேற்று மலாக்கா நகைக்கடைக்குப் போனபோது, ஆற்றுமுத்து எது, கடல்முத்து எது என்று பொறுமையாக விளக்கிய விற்பனைப் பெண், "பல்லுல லேசா தேச்சுப் பாருங்க ஆன்ட்டி, நெசமுன்னா நறநறங்கும், போலின்னா வழுக்கும் லா" என்றாள். முத்து பல்லில் பட்டதுமே, இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்ட எங்கள் பெம்பான் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம், ரப்பர் பால் வாடையோடும் தகரக் கூரையின் சூட்டோடும் மனதில் வந்து நின்றது.

லயத்துப் பொதுக்குழாயில் தண்ணீர் நூலாகத்தான் ஒழுகும். வாளி நிறையும்வரை பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். கடல்முத்து என்று சொல்லி டவுனிலிருந்து அப்பா அம்மாவுக்கு வாங்கி வந்த முத்துமாலையும் அங்கேதான் பரீட்சைக்கு வந்தது. கைமாறிக் கைமாறி, குழாயில் கழுவிக் கழுவி, எல்லார் பல்லிலும் அது வழுக்கியது.

"போலி லா, தங்கச்சி" என்றார் பக்கத்து வீட்டு மேரி அக்கா, மெதுவாக.

அம்மா அதை முந்தானையில் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு."

மதியம் வேலை முடிந்து வந்த அப்பாவை மேரி அக்கா வழிமறித்தார். அம்மாவின் அருகில் வாளியோடு நின்ற நான் அக்காவின் வாயையே பார்த்தேன்.

"என்னண்ணே, இவ்வளவு நல்ல முத்த எந்தக் கடையில புடிச்சீங்க?"

குழாயடியில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அப்பாதான் அம்மாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்.