வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்

எஸ்யூவி வாங்கிய மூன்றாவது வாரம், பக்கத்து வீட்டு அண்ணனின் சக்கர நாற்காலி மேல் வண்டியை ஏற்றிவிட்டேன்.

அவர் அதில் இல்லை. சர்க்கரை நோயால் அவருக்கு ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அன்று கிளினிக் போகும் நாள். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அவரைத் தாங்கிப் பிடித்துத் தன் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். எஸ்டேட் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகிற வேன் அது. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். காலி நாற்காலி எங்கள் கேட்டுக்கு எதிரே நின்றது. புஞ்சாக் ஆலாமில் எனக்கு எட்டரைக்கு வேலை. வண்டியைப் பின்னால் எடுப்பதை எங்கள் பக்கம் கோஸ்தான் என்போம். அவசரமாகக் கோஸ்தான் எடுத்தேன். இரும்பு நெளிகிற சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தேன். நாற்காலியின் ஒரு சக்கரம் வளைந்து பம்பருக்கு அடியில் சிக்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. மொதல்ல எஞ்சின அடக்கு," என்றார் அக்கா. குரல் கொஞ்சமும் உயரவில்லை.

வேனுக்குள்ளிருந்து அண்ணன் கையசைத்தார். "நான் இங்கதான் இருக்கேன் லா. அழாத."

புது நாற்காலி வாங்கித் தருகிறோம் என்று நானும் என் கணவரும் போய் நின்றோம். அக்கா கேட்கவில்லை. புக்கிட் ரோத்தானில் சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டார். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு வாளியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"காடி சாவியக் குடு. நீ போய் உன் சீட்ல உக்காரு. எங்க தெரியுது, எங்க தெரியலன்னு இன்னிக்குப் பாத்துருவோம்."

வாளியை வண்டிக்குப் பின்னால் வைக்கப் போனார். தன் வீட்டு வாசலிலிருந்து அண்ணன் சொன்னார்: "வாளி எதுக்கு? நீ இடிச்ச உயரத்துக்கு நான்தான் சரியான ஆளு. என்னையே வையுங்க."

"வேணாம்ணே," என்றேன்.

"சாவி உங்கக்கா கையில இருக்கு. அது போதும் எனக்கு."

சக்கர நாற்காலியிலேயே வந்து பம்பரை ஒட்டி உட்கார்ந்தார். நான் நடுக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்சீட்டின் மேலே நிற்கிற, தலை சாய்க்கும் தலையணைகளும், திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலுக்குக் கொண்டுபோய் மிச்சம் வந்த பெட்டிகளும்தான் தெரிந்தன. பக்கக் கண்ணாடிகளில் என் வண்டியின் கதவுகளே பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. அக்கா நாற்காலியை ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு இழுத்தார்.

"இப்ப?"

"தெரியல."

"இப்ப?"

"இல்லக்கா."

எதிர்வீட்டு வேலியை முதுகு தொடும்போதுதான் அண்ணனின் நரைத்த தலை கண்ணாடியின் அடியில் எட்டிப் பார்த்தது. ஒரு முழு மனிதர் அவ்வளவு தூரம் எனக்கு இல்லாமலே இருந்திருக்கிறார்.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. பெட்டிகளை இறக்கினார், பின்சீட்டுத் தலையணைகளை அமுக்கிவிட்டார். என் சீட்டின் பக்கத்தில் ஒரு பிடி இருந்தது. மூன்று வாரமாக நான் தொட்டதே இல்லை. அவர் அதை இழுத்து இழுத்து என்னை நாலு விரல் உயர்த்தினார். குள்ளமான எனக்கு முதல் தடவையாகப் பின் கண்ணாடி முழுசாகத் தெரிந்தது. பக்கக் கண்ணாடிகளை, என் வண்டி ஓரத்தில் ஒரு கோடாக மட்டும் தெரிகிற வரை வெளியே திருப்பச் சொன்னார். எண்ணெய்ப்பனை லோரிகள் போகிற செம்மண் பாதையில் தினமும் வருகிறேன். பின்கேமரா சேறு பூசிக்கிடந்தது. துணியை நனைத்துத் துடைத்தார்.

"இதுவும் கண்ணுதானே. தெனமும் மூஞ்சி கழுவுறோம்ல?"

பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளை உரிக்கச் சொன்னார். மறுவாரம் என் கணவர் உரித்தார்.

அண்ணனை மறுபடி உட்கார வைத்துப் பார்த்தோம். வேலிக்குப் பாதித் தூரத்திலேயே தெரிந்தார். அக்கா எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பிக் கேமராவைப் போட்டார்; பம்பரை ஒட்டி இருந்தபோது அண்ணன் அதில் தெரிந்தார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அக்கா முகம் மலரவில்லை. வாளியை எடுத்துப் பின்சக்கரத்தின் பக்கத்தில் வைத்தார்.

"இது தெரியுதா?"

எதிலும் தெரியவில்லை.

"அதான். ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடந்து பாத்துட்டு ஏறு. வேற வழி இல்ல."

அவர் வேனைக் காலையில் சுற்றி வருவதை என் சமையலறை ஜன்னல் வழியாக வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். டயரைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு சுற்றுவார். ஒரு நாளும் விட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து, பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைச் சுங்கை பெசாருக்கு ஏற்றிப்போக வேண்டிய நாளும் அண்ணனின் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தன. அக்கா வந்து என்னிடம் கேட்டார்.

"இவரக் கூட்டிட்டுப் போறியா?"

"என்னைய நம்பியா விடறீங்க?"

"வேற யாரு இந்த ரோட்டுல சுத்திப் பாத்துட்டுக் காடி எடுக்கறா?"

மறுநாள் அண்ணனை முன்சீட்டில் ஏற்றினேன். நாற்காலியை மடித்துப் பின்னால் படுக்க வைத்தேன். ஒரு சுற்று நடந்து வந்து ஏறினேன். நான் கோஸ்தான் எடுக்க ஆரம்பித்தபோது அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பேப்பரைப் பிரித்திருந்தார். ரோட்டுக்கு வந்து சேரும் வரை தலை நிமிரவே இல்லை.